வேதா அன்று ஹெட்போன் போட்டிருக்கவில்லை

வேதவல்லி இறந்துபோன செய்தி எனக்குத் தனியாக வரவில்லை. ஒரு பொய்யோடு சேர்ந்துதான் வந்தது.

வழக்கம்போல் காலையில் அவளுடைய வீட்டுக்கு வேலைக்கு வந்து, கணினியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஊர்ச் செய்திகள் வரும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவளுடைய படம் வந்து விழுந்தது. தலையில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் சிரிக்கும் படம். தன் யூடியூப் சேனலுக்காக அவளே வைத்திருந்த படம் அது. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: "ஹெட்போனில் பாட்டு கேட்டபடி சாலையில் நடந்து சென்ற பெண் வேன் மோதி பலி. இனியாவது திருந்துவோமா?"

பலி என்ற சொல் மனதில் இறங்குவதற்கு முன்னால் ஹெட்போன் என்ற சொல்தான் என்னைத் தடுத்தது. ஏனென்றால் அந்த ஹெட்போன் என் கண்ணெதிரே இருந்தது. அவளுடைய மேசையில், மரத் தாங்கியின் மேல், முந்தைய நாள் மாலை அவள் கழற்றி வைத்தது வைத்தபடி இருந்தது. அதன் கேபிள் ஆம்ப்ளிஃபையரில் சொருகியிருந்தது. ஆம்ப்ளிஃபையரின் ஒயர் சுவரில் சொருகியிருந்தது.

"பொய்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

உள்ளறையில் படுத்திருந்த அவளுடைய அம்மா, "இன்னா பொய் கலா?" என்று கேட்டார்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே வாசலில் வேதாவின் தம்பி முருகேசன் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், அந்தச் செய்தியில் பாதி உண்மை என்று தெரிந்துவிட்டது.

அவளை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளை அறிந்தவர்களில் பாதிப் பேர் இந்த ஊர்த் தறிக்காரர்கள். மீதிப் பேர் அவளை நேரில் பார்த்ததே இல்லை. எங்கெங்கோ இருந்துகொண்டு, எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று அவள் பேச்சைக் கேட்டுத் தீர்மானித்தவர்கள். உங்களில் பலர் அந்தச் செய்தியை நம்பினீர்கள். சிலர் எனக்கே அனுப்பினீர்கள். இரங்கல் எழுதும்போது சாந்தமாக எழுத வேண்டும் என்பார்கள். என்னால் முடியவில்லை.

வேதாவும் நானும் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள். சின்ன காஞ்சிபுரத்தில் அவளுடைய வீட்டு முன்கூடம்தான் எங்கள் அலுவலகம். கரைக்கு இது, உடலுக்கு இது, முந்திக்கு இது என்று கணினியில் கட்டம் கட்டமாக வரைவோம். அதை வைத்துத்தான் தறியின் மேலே ஓடும் ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுவார்கள். ஒரு கட்டம் மாறினால் மயிலின் கழுத்து ஒடிந்துபோகும். கண்ணுக்கு முழு வேலை, காதுக்கு ஒரு வேலையும் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் தறி ஓடும் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் வேதா முதலில், காதை இறுக மூடும் சாதாரண ஹெட்போன் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அம்மாவை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

நான் விடுப்பில் இருந்த ஒரு நாள், அம்மா தானாகவே எழுந்து பாத்ரூமுக்குப் போகப் பார்த்து விழுந்துவிட்டார். மகளைக் கூப்பிட்டிருக்கிறார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். வேதா தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் பார்த்தாள். அம்மா திட்டவில்லை. "கூப்ட்டேன்மா. நீ பாட்டு கேட்டுக்கினு இருந்த போல" என்று மட்டும் சொன்னாராம். அன்று சாயங்காலமே வேதா அந்த ஹெட்போனைக் குப்பை வண்டியில் போட்டாள். காதுக்குள் சொருகும் இயர்போன் ஒன்று இருந்தது, அதையும் போட்டாள். மறுநாள் என்னிடம் அதைச் சொன்னபோது அவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "காத மூடுற எதையும் இனி நான் தொடமாட்டேன் கலா. செத்தாலும் தொடமாட்டேன்."

தொடவும் இல்லை. இந்த ஒரு விஷயத்துக்கு நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

அதன் பிறகுதான் ஓப்பன்-பேக் ஹெட்போன்களைப் பற்றி அவள் படிக்க ஆரம்பித்தாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வகை ஹெட்போனில் காதுக்கு மேல் உட்காரும் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடியிருக்காது. கம்பிவலைதான் இருக்கும். அதனால் பாட்டும் கேட்கும், வெளியில் நடப்பதும் கேட்கும். பாட்டு மண்டைக்குள் அடைபடாமல், எதிரே நாலு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதுபோல விரிந்து கேட்கும் என்று அவள் சொல்வாள். ரொம்ப நாள் காத்திருந்து, உயர்ந்த ரகத்தில் ஒன்று வாங்கினாள். விலையை அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

தெருவில் சிரித்தார்கள். எதிர் வீட்டுக்காரர் ஒருவர் வந்து மாட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா வேதா, வெளிச் சத்தம் எல்லாம் கேக்குது? நல்லா ஏமாத்திட்டானுங்க உன்னை" என்றார்.

"கேக்கணும்னுதான் வாங்கினேன்ணா. எங்கம்மா கூப்ட்டா கேக்கணும், குக்கர் விசில் கேக்கணும், பாட்டும் கேக்கணும்."

"அதுக்கு ரேடியோவ வெச்சிக்கினு போயேன்."

"ரேடியோவுல நாதஸ்வரம் தகரம் மாதிரி இருக்குது. இதுல நாதஸ்வரமாவே இருக்குது. வித்தியாசம் தெரியலன்னா நீங்க ரேடியோவே கேளுங்க, நான் வாணாங்கல."

அவள் அப்படித்தான். இனிமையானவள், சாந்த சொரூபி என்றெல்லாம் யாராவது எழுதினால் நம்பாதீர்கள். முன்கோபக்காரி. கரையில் ஒரு கட்டம் தப்பிருந்தால் கத்துவாள். என்னிடம் மன்னிப்புக் கேட்காமலேயே டீ போட்டுக்கொண்டுவந்து வைப்பாள்.

அந்த ஹெட்போனைப் பற்றிப் பேசத்தான் சேனலை ஆரம்பித்தாள். "வாங்கினவள் சொல்கிறேன்" என்று பெயர். கடையிலிருந்து வந்த பெட்டியை அன்றே கேமரா முன்னால் பிரித்து ஆஹா ஓஹோ என்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "மொத நாள் பேசுறவன் பொட்டியப் பத்திப் பேசுறான். கோடை ஒண்ணு, மழை ஒண்ணு பாத்துட்டுப் பேசுறவன்தான் சாமானப் பத்திப் பேசுறான்" என்பாள். அவள் சொன்ன விஷயங்களை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் ஊர் வெயிலில் தோல் உறை போட்ட பஞ்சு காதை வேகவைக்கும், துணி உறை போட்டதுதான் தாங்கும் என்றாள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு எந்த இடத்தில் அழுத்தும் என்று காட்டினாள். இரவல் வாங்கிய ஒரு வெளிநாட்டு ஹெட்போனைப் பற்றிப் பேசும்போது, அதன் தலைப்பட்டையைத் தன் தலையில் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "கொண்டை போட்டு பூ வெச்சா இது எங்க உக்காரும்? இதைச் செஞ்சவனுக்கு வீட்ல பொம்பளைங்களே இல்லியா?" என்று கேட்டாள். அந்த வீடியோவைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

பார்த்தவர்களில் கேலி செய்தவர்களும் உண்டு. "ஆன்ட்டி, சாம்பார் வைக்கிறது எப்படின்னு போடுங்க, பாக்குறோம்" என்று ஒருவன் எழுதினான். அவனுக்கு அவள் ஒரு முழு வீடியோவே பதிலாகப் போட்டாள். அடுப்பில் சாம்பார் கொதிக்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, எந்த ஹெட்போனில் எந்தக் குரல் கம்முகிறது என்று பேசி முடித்துவிட்டு, "சாம்பார் கொதிக்கிற சத்தமும் எனக்குக் கேட்டுக்கினுதான் இருக்குதுபா. உனக்கு எதுவுமே கேக்கல, அதான் பிரச்சனை" என்று முடித்தாள்.

வரதர் கோயில் கருட சேவையன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். சாமி எங்கள் பக்கம் வந்ததும் வேதா ஓடிப்போய்க் கூட்டத்தில் நுழைந்து, தவில்காரருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். சாமியைச் சரியாகச் சேவித்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. சாமி நகர்ந்ததும் வேர்வை வழிய வீட்டுக்குள் வந்து, துடைத்துக்கொள்ளாமல் ஹெட்போனை மாட்டி, தவில் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டாள். கழற்றி வைத்துவிட்டு, "சுத்தமா இருக்குது கலா. ஒவ்வொரு விரலும் தனியாத் தெரியுது. ஆனா வயித்துல அடிக்கல. நேர்ல கேட்டப்போ வயித்துல அடிச்சுது" என்றாள். அதை அப்படியே வீடியோவிலும் சொன்னாள். அது அவள் சொந்தமாக வாங்கியது அல்ல. சென்னை வியாபாரி ஒருவர் கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பி வைத்திருந்த ஹெட்போன். அவர் ஃபோனில் கூப்பிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிடச் சொன்னார்.

"வயித்துல அடிக்கல சார். அடிக்கலன்றத அடிச்சுதுன்னு எப்படி சொல்றது?"

அவர் என்னவோ சமாதானம் சொன்னார். "வரிய வெட்ட மாட்டேன். சாமானத் திருப்பி அனுப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாளே கூரியரில் போட்டும்விட்டாள்.

தவிலின் அடிச்சத்தம் கொஞ்சம் குறைகிறது என்பதைக்கூட மறைக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள். அவளைப் பற்றித்தான் இந்த ஊர், வாய் கூசாமல் அப்படி ஒரு பொய்யைச் சொன்னது.

அன்று காலை அவள் முசரவாக்கம் போயிருந்தாள். அங்கே தனம் என்ற பெண்ணின் வீட்டுத் தறியில் எங்களுடைய புது டிசைன் ஏறியிருந்தது. முந்தி சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். "நான் போய்ப் பாத்துட்டு வந்துடுறேன், நீ கரைய முடிச்சி வை" என்று முந்தைய நாள் என்னிடம் சொல்லியிருந்தாள். பேருந்தில் இறங்கிச் சாலை ஓரமாக நடந்தபோது, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஒப்பந்த வேன் ஒன்று மோதியது. அன்று அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

சாவு வீட்டில் நடந்ததை நான் மறக்கப்போவதில்லை. வாசலில் போட்டிருந்த பந்தலில் ஆண்கள் உட்கார்ந்து ஹெட்போனைப் பற்றித்தான் பேசினார்கள். "காதுல மாட்டிக்கினா உலகமே மறந்துடுது" என்றார் ஒருவர். "இந்த வயசுல இன்னாத்துக்கு பாட்டு?" என்றார் இன்னொருவர். பக்கத்தில், வேன் ஒப்பந்தக்காரர் பெரிய மாலையோடு வந்து, கைகட்டி, தலையாட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆட்களே அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் பந்தலுக்குப் போய், "ஹெட்போன் உள்ள மேஜை மேல இருக்குது. வந்து பாருங்க" என்று கத்தினேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முருகேசன்தான் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான்.

"வுடுக்கா. ஊரே சொல்லுது. இப்பப் போய் இன்னாத்துக்கு சண்ட?"

"ஊர் சொன்னா? நீ உள்ள போய் அதப் பாருடா."

"வேற ஒண்ணு வெச்சிருந்திருக்கும்."

"வேற எதுவும் இல்ல. ஆஸ்பத்திரியில குடுத்த பையில இன்னா இருந்துச்சு? நீதான வாங்கின?"

"ஃபோனு, சாவி, இழை பாக்குற பூதக்கண்ணாடி."

"இயர்போன் இருந்துச்சா?"

"ரோட்ல விழுந்திருக்கும்க்கா" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வேன்காரரு சமாதானமாப் போயிடலாம்ன்றாரு. அம்மாவ இனி நான்தான பாக்கணும்" என்றான்.

அவன் மேல் அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக வற்றவில்லை. ஆனாலும் அவன் கெட்டவன் இல்லை. அக்காவின் உடலை அடையாளம் காட்டிவிட்டு வந்தவன். ஒரு பொய்யை ஒத்துக்கொண்டால் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தான்.

எல்லோரும் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார். நல்ல கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு கேட்டுக்கினே போய்ட்டாளா கலா?" என்று கேட்டார்.

பெற்ற தாயையும் நம்ப வைத்துவிட்டார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இல்லம்மா" என்றேன். "இல்லன்னு நான் உங்களுக்குக் காட்டுறேன்" என்றேன்.

கருமாதி முடியும்வரை பொறுக்கவில்லை. முசரவாக்கத்துக்குப் பேருந்து ஏறினேன். தனம் வீட்டில் தறி நின்றிருந்தது. அவள் வலது கையில் மாவுக்கட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்தாள்.

"கையில இன்னா தனம்?"

"அன்னிக்கு விழுந்ததுக்கா. வேதாக்கா தள்ளுனப்ப விழுந்தேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள். வேதாவை அழைத்துப்போக அவள் பேருந்து நிறுத்தத்துக்கு வந்திருக்கிறாள். இருவரும் முந்தியின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே சாலையை விட்டு இறங்கி, மண்ணில் நடந்திருக்கிறார்கள். கரும்பு டிராக்டர் ஒன்றைத் தாண்டப் பார்த்த வேன், இடப்பக்கமாக ஒடித்து, அந்த மண்ணிலேயே ஏறி வந்திருக்கிறது.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. நான் பேசிக்கினே இருந்தேன். வேதாக்காதான் 'தனம், வண்டி'ன்னுச்சு. என்னைப் புடிச்சி வாய்க்கா பக்கம் தள்ளிச்சு. நான் விழுந்து திரும்பிப் பாக்குறேன்..."

அவள் கட்டுப்போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"காதுல ஏதாவது மாட்டியிருந்தாளா?"

"இன்னாக்கா நீங்க! எங்கிட்ட பேசிக்கினு வந்தாங்கக்கா!"

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"அங்க வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். போலீசு வந்துச்சு, அவங்ககிட்டயும் சொன்னேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு சொல்லிட்டாங்க. அப்புறம் யாரும் வந்து கேக்கல." அவள் கணவன் கதவருகே நின்றுகொண்டு, அந்த ஒப்பந்தக்காரரின் வேனில்தான் தன் தம்பி வேலைக்குப் போகிறான் என்று சொன்னான். தனம் அவனைப் பார்த்து, "நீ சும்மா இருய்யா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளை நான் ஆயுசுக்கும் மதிப்பேன்.

காதில் பாட்டோடு நடந்து செத்தாள் என்று ஊர் சொல்கிறது. அங்கே இருந்த இரண்டு பேரில் வண்டிச் சத்தம் கேட்டது அவளுக்குத்தான். கேட்டதால்தான் இன்னொருத்தி உயிரோடு இருக்கிறாள்.

மறுநாள் ஹெட்போனையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரு ஒயர் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு, தனத்தையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் கூடையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கச்சேரியா?" என்றார்.

"ப்ளக் எங்க சார் இருக்குது?"

அவர் காட்டினார். சொருகினேன். "வேன் டிரைவர் இதைத்தான சார் சொல்லியிருக்காரு? பாட்டு கேட்டுக்கினு வந்தாங்க, ஹாரன் அடிச்சேன், கேக்கலன்னு?"

"வாக்குமூலத்துல அப்படித்தாம்மா இருக்குது."

"அவகிட்ட சொந்தமா இருந்தது இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் கேட்டுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவா. இது செவுத்துல சொருகாம பாடாது. முசரவாக்கம் ரோட்டுல எந்த செவுத்துல சொருகினா?"

நான் விடவில்லை. அதை அவர் தலையில் மாட்டினேன். என் ஃபோனை அதில் இணைத்து, நாதஸ்வரம் ஒன்றை, வேதா எப்போதும் கேட்கும் அளவுக்கே வைத்தேன். அவர் முகம் மாறியது. நன்றாக இருந்திருக்க வேண்டும். நான் வாசல்வரை நடந்துபோய், அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சாதாரணக் குரலில், "சார், டீ ஆறுது" என்றேன்.

அவர் கை டம்ளரை நோக்கிப் போனது.

பக்கத்தில் நின்றிருந்த பெண் காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "டீ ஆறுதுன்னு சொன்னது கேட்டுச்சு இல்ல? வேன் ஹாரன் கேக்காதா சார்? இத மாட்டிக்கினே போயிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்கும். ஆனா மாட்டிக்கினு போகல. இதோ, கூட இருந்தவ வந்திருக்கா. ஹாரன் அடிச்சானான்னு இவளக் கேளுங்க."

"ஹாரனே அடிக்கல சார்" என்றாள் தனம்.

அவர் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார். "வாட்ஸ்அப்புல வந்ததுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லம்மா" என்று முணுமுணுத்தார். பிறகு தனத்தை உட்காரச் சொல்லி, அவள் சொன்னதை எழுதச் சொன்னார். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அதைச் செய்ய வைக்க நான் ஒரு கூடை சுமந்து போக வேண்டியிருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரும்ப விசாரித்தபோது வேன் ஓட்டுநர் உடைந்துபோனான். ராத்திரி ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, தூங்காமல், அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஹெட்போன் என்று சொல்லச் சொன்னது ஒப்பந்தக்காரர். செத்தவள் யார் என்று விசாரித்தபோது, "அந்த ஹெட்போன் போடுற அம்மா" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அடையாளத்தை எடுத்து அவள் மேலேயே பழியாகப் போட்டுவிட்டார். இப்போது இருவர் மேலும் வழக்கு இருக்கிறது. முருகேசன் சமாதானத்துக்குப் போகவில்லை. தனத்தின் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு அவன் என் வீட்டுக்கு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். வழக்குக்கு அவன்தான் இப்போது போய் வருகிறான்.

அந்தச் செய்தியைப் போட்ட குழுவை நடத்துபவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறார். அவர் கடையிலேயே ஹெட்போன்கள் வரிசையாகத் தொங்குகின்றன. வேதாவின் படத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் எழுதலக்கா. ஃபார்வர்டா வந்துச்சு, போட்டேன்."

"உண்மையான்னு கேட்டியா?"

"எல்லாரும் போட்டாங்கக்கா. நான் போடலன்னா நம்ம குரூப்புல லேட்டாயிடும்."

இதுதான் அவர் சொன்ன காரணம். லேட்டாகிவிடும். திருத்தம் போடச் சொன்னேன். போட்டார். தங்கம் விலைக்கும் மின்தடை அறிவிப்புக்கும் நடுவில், பெயர் இல்லாமல், படம் இல்லாமல், "முன்பு பகிர்ந்த விபத்துத் தகவல் தவறானது" என்று ஒரு வரி. எந்த விபத்து, எந்தத் தகவல், யாருக்குப் புரியும்? பழைய செய்தி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் வேலூரிலிருந்து என் நாத்தனார் அதை எனக்கு அனுப்பி, "பிள்ளைகளிடம் காட்டு" என்று எழுதியிருந்தாள். வேதா என்னோடு வேலை செய்தவள் என்று அவளுக்குத் தெரியாது. கூப்பிட்டு முழுக்கதையும் சொன்னேன். "ஐயோ, அப்படியா, நான் எல்லாருக்கும் அனுப்பிட்டேனே" என்றாள். எல்லோருக்கும் திரும்ப அனுப்பு என்றேன். அனுப்பினாளா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் அனுப்பியிருந்தால், தயவுசெய்து, அனுப்பியவர்களிடமெல்லாம் போய்ச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

தனத்தை அம்மாவிடம் அழைத்துப் போனேன். அம்மாவுக்குக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? தனம் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "தனம், வண்டி" என்று வேதா சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தனத்தின் கட்டுப்போட்ட கையைத் தடவினார். அவர் அமைதியாக அழுவார் என்று நினைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக் கத்தினார்.

"அவள தள்ளத் தெரிஞ்சுதே, நீ ஏண்டி நகரல? நீ ஏண்டி நகரல?"

தனமும் நானும் அவரைப் பிடித்துக்கொண்டோம். என் கோபமெல்லாம் அந்தக் குரலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இனி, அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று சொல்ல வேண்டும்.

ஓப்பன்-பேக் ஹெட்போனில் ஒரு குறை உண்டு. வெளிச் சத்தம் உள்ளே வருவதுபோல, உள்ளே பாடுவதும் வெளியே கசியும். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு என்று விமர்சனம் எழுதுகிற எல்லோரும் எழுதுவார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தவள் நான். அந்த ஹெட்போனை ஒரு நாளும் நான் மாட்டிக் கேட்டதில்லை. ஆனால் அவள் கேட்டது அத்தனையும் எனக்கும் வந்தது. அடுத்த தெருவில் யாரோ பாடுவதுபோல, மெல்லியதாக, தறிச் சத்தத்துக்கு இடையில், வார்த்தை பாதி புரிந்தும் புரியாமலும் வந்தது. ஒரு பாட்டு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டால் நாற்காலியை இரண்டு விரற்கடை என் பக்கம் நகர்த்துவாள். ஏன் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது கல்யாண மண்டபத்தில் அதே பாட்டுகளைப் பெரிய ஸ்பீக்கரில் முழுசாகப் போடுகிறார்கள். எனக்கு அடையாளமே தெரிவதில்லை. எனக்குத் தெரிந்தது அந்தக் கசிவுதான். அதை வைத்துக்கொள்கிறேன். கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன்.